8 கிலோபிட்டுக்குள் ஒரு குரலை அடைத்த கதை

தொலைபேசியில் கூப்பிட்டதும் "விற்பனைக்கு ஒன்றை அழுத்தவும், சேவைக்கு இரண்டை அழுத்தவும்" என்று ஒரு குரல் சொல்லுமே, அந்த ஐவிஆர் குரல் கோப்புகளை ஜி.729 என்ற, தொலைபேசிப் பேச்சை இறுக்கிச் சுருக்கும் வடிவத்துக்கு மாற்றும் வேலை என் தலையில் விழுந்தது. எம்பி3-ஐ வேவ் ஆக்குவது போல அரை மணி நேர வேலை என்றுதான் அலுவலகத்தில் எல்லோரும் சொன்னார்கள். வாரக்கணக்கில் இழுத்தது. குரல் கலைஞருக்கு இரண்டு தடவை பணம் கொடுத்தோம், தேவையில்லாத லைசென்ஸ்களை மொத்தமாக வாங்கினோம், நடுவில் நான் தூங்காத இரவுகள் தனிக் கணக்கு. அலுவலகத்தில் இதைப் பற்றிப் பேசக்கூட ஆள் கிடையாது. தேடினால் ஒரு துண்டுத் தகவல் இங்கே, ஒரு துண்டு அங்கே. அடுத்து இதில் மாட்டப்போகிறவருக்காவது உதவட்டும் என்று நடந்தது நடந்தபடி எழுதுகிறேன்.

நிலைமை இதுதான். எங்களிடம் ஒரு ஆஸ்டரிஸ்க் சர்வர், அதாவது தொலைபேசி அழைப்புகளைக் கையாளும் மென்பொருள் ஓடும் கணினி. வெளி அழைப்புகள் வந்து சேரும் இணைப்பு மிக ஒடுங்கியது, விநாடிக்கு 128 கிலோபிட். ஒலியை எண்களாக்கி மறுபடி ஒலியாக்கும் முறைக்குக் கோடெக் என்று பெயர். வழக்கமான தொலைபேசிக் கோடெக்கான ஜி.711 விநாடிக்கு 8000 சாம்பிள் (ஒலியின் அளவீடு), ஒவ்வொன்றுக்கும் 8 பிட் என்று 64 கிலோபிட் எடுத்துக்கொள்ளும். ஜி.729 அதே பேச்சை 8 கிலோபிட்டில் அனுப்பிவிடும். இணைப்பை விற்க வந்தவர் உட்கார்ந்த இடத்திலேயே வகுத்துக் காட்டினார்: 128-ஐ 8-ஆல் வகுத்தால் 16, ஆக ஒரே நேரத்தில் 16 அழைப்பு ஓடும் சார். கேட்க நன்றாக இருந்தது, மேலாளர் உடனே தலையாட்டினார்.

அந்தக் கணக்கில் விட்டுப்போனது பாக்கெட்டின் தலைச்சுமை. குரல் இணையத்தில் போகும்போது பொதுவாக 20 மில்லிவிநாடிப் பேச்சு ஒரு பாக்கெட்டாகக் கட்டப்படுகிறது. ஜி.729-இல் அந்த 20 மில்லிவிநாடிக்கு வெறும் 20 பைட். ஆனால் ஐபி, யுடிபி, ஆர்டிபி என்ற மூன்று ஹெடர்களும் (எங்கே போக வேண்டும், எந்த வரிசை போன்ற விவரங்கள்) சேர்ந்து 40 பைட். அதாவது சரக்கைவிட உறை இரண்டு மடங்கு. மொத்தம் 60 பைட், விநாடிக்கு 50 பாக்கெட், வாய்ப்பாடு போட்டால் 24 கிலோபிட் வருகிறது. 128-இல் ஐந்து அழைப்பு நுழையும், அதற்குமேல் ஒரு மின்னஞ்சல் போகக்கூட இடம் இருக்காது. ஜி.711-க்கும் இதே கணக்கைப் போட்டால் 80 கிலோபிட், அதாவது ஒரே ஒரு அழைப்பு. எனவே ஜி.729 லாபம்தான், விளம்பரத்தில் சொன்ன லாபம் இல்லை. ஒரு பாக்கெட்டில் 40 மில்லிவிநாடிப் பேச்சைக் கட்டினால் அழைப்பு ஒன்றுக்கு 16 கிலோபிட்டாக இறங்கும். ஆனால் தாமதம் கூடும், ஒரு பாக்கெட் தொலைந்தால் காணாமல் போகும் பேச்சும் இரட்டிப்பாகும். இணைப்பு வாங்குவதற்கு முன்பே இந்தக் கணக்கைத் தாளில் போட்டுப் பாருங்கள். யாராவது 8 கிலோபிட் என்று மட்டும் சொன்னால், ஹெடரோடு எவ்வளவு என்று கேளுங்கள்.

இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இது தெளிவாவதற்கே எனக்கு ரொம்ப நாள் ஆனது. சர்வரில் இருக்கும் குரல் கோப்பை ஜி.729 ஆக மாற்றுவதால் இணைப்பில் ஒரு பிட்கூட மிச்சமாகாது. அழைப்பு எந்தக் கோடெக்கில் ஓட வேண்டும் என்று இரு முனைகளும் ஆரம்பத்தில் பேசி முடிவு செய்கின்றன. இணைப்பில் ஓடும் அளவு அதைப் பொறுத்தது. கோப்பை மாற்றி வைப்பதன் பயன் வேறு: அழைப்பு ஜி.729-இல் வந்தால், சர்வர் அந்தக் கோப்பை அப்படியே எடுத்து அனுப்பிவிடலாம். வேவ் கோப்பு மட்டும் இருந்தால், ஒவ்வொரு அழைப்புக்கும் அந்தக் கணத்தில் மாற்றியாக வேண்டும். அதற்கு சர்வரில் என்கோடர், அதாவது ஜி.729 ஆகச் சுருக்கும் நிரல், வேண்டும். அது இல்லையென்றால் மாற்றும் பாதை கிடைக்கவில்லை என்று பதிவில் ஒரு வரி விழும், கூப்பிட்டவர் காதில் சத்தமே விழாது. எங்களுக்கு முதலில் நடந்தது இதுதான். வாடிக்கையாளர்கள் கூப்பிட்டு, வெறும் மௌனத்தைக் கேட்டு, போனை வைத்துக்கொண்டிருந்தார்கள்.

சரி, மாற்றிவிடலாம் என்று உட்கார்ந்தேன். கையில் பழக்கமான கருவி எஃப்எஃப்எம்பெக். அதில் எதையும் எதுவாகவும் மாற்றலாம் என்று ஒரு நம்பிக்கை. ஜி.729-ஐப் படிக்க அதற்குத் தெரியும், எழுதத் தெரியாது. இதற்கு ஒரு பின்னணி உண்டு. 1996-இல் தரமாக அறிவிக்கப்பட்ட ஜி.729 நெடுங்காலம் காப்புரிமைகளுக்குள் இருந்தது. கட்டணம் கட்டாமல் என்கோடர் தர முடியாத நிலைமை 2017 தொடக்கத்தில்தான் முடிந்தது. அதனால் இன்றைக்கும் பல பொதுவான கருவிகளில் அந்த இடம் காலியாகவே இருக்கிறது. சாக்ஸ் என்ற இன்னொரு ஒலி மாற்றும் கருவியிலும் தேடினேன், அதிலும் இல்லை.

அடுத்து எல்லோரும் போகும் வழி: உலாவியில் கோப்பை ஏற்றினால் மாற்றித் தரும் தளங்கள். ஒன்றில் வரவேற்பு அறிவிப்பை ஏற்றினேன், கோப்பும் வந்தது, பெயரின் கடைசியில் ஜி729 என்று அழகாக இருந்தது. சர்வரில் போட்டு, மேலாளரையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு, ஸ்பீக்கரில் கூப்பிட்டேன். குழாயில் தண்ணீர் கொப்பளிக்கிற மாதிரி ஒரு சத்தம் வந்தது. அது நிற்கவும் இல்லை. 12 விநாடி அறிவிப்பு ஒன்றரை நிமிடத்துக்கும் மேல் ஓடியது. மேலாளர் ஒன்றும் சொல்லாமல் எழுந்து போய்விட்டார். அவர் திட்டியிருந்தாலாவது தேவலை.

இரவில் உட்கார்ந்து கோப்பின் அளவைப் பார்த்தபோதுதான் குட்டு உடைந்தது. 96,000 பைட். 12-ஆல் வகுத்தால் விநாடிக்கு 8000. அது ஜி.711-இன் அளவு. அந்தத் தளம் ஜி.711 கோப்பைச் செய்து அதற்கு ஜி729 என்று பெயர் ஒட்டிக் கொடுத்திருக்கிறது. ஜி.729 விநாடிக்கு 1000 பைட்தான். எனவே சர்வர் அந்த 96,000 பைட்டை 96 விநாடிப் பேச்சு என்று எடுத்துக்கொண்டு வாசித்திருக்கிறது. இந்த வகைக் கோப்புகளுக்குப் பெரும்பாலும் ஹெடர் கிடையாது. நான் இன்ன வடிவம் என்று கோப்பே சொல்லாது, எக்ஸ்டென்ஷனை நம்பித்தான் சர்வர் திறக்கிறது. பெயரை மாற்றினாலே வடிவம் மாறிவிடும் என்று நினைப்பவர்கள் நிறையப் பேர். அந்தத் தளத்தை எழுதியவரும் அதில் ஒருவர் போலும்.

அன்றிலிருந்து எந்தக் கோப்பு வந்தாலும் கேட்பதற்கு முன் அளவைத்தான் பார்க்கிறேன். 8 கிலோஹெர்ட்ஸ் (விநாடிக்கு 8000 சாம்பிள்), 16 பிட், மோனோ வேவ் என்றால் விநாடிக்கு 16,000 பைட், முன்னால் ஒரு சின்ன ஹெடர். ஜி.711-இன் இரு வகைகளான மியூ-லா, ஏ-லா இரண்டும் 8000. பழைய மொபைல் கோடெக்கான ஜிஎஸ்எம் 1650. ஜி.729 என்றால் 1000, அதுவும் மௌனச் சுருக்கம் போடாத கோப்பு 10-ஆல் மீதியில்லாமல் வகுபட வேண்டும், ஏனென்றால் ஒவ்வொரு 10 மில்லிவிநாடிக்கும் சரியாக 10 பைட். இந்த எண்களை ஒரு சீட்டில் எழுதித் திரைக்குப் பக்கத்தில் ஒட்டிவைத்திருக்கிறேன். மியூ-லாவும் ஏ-லாவும் மாறிப்போனால் மட்டும் அளவை வைத்துப் பிடிக்க முடியாது, இரண்டும் ஒரே எடை. அப்போது பேச்சு புரியும், ஆனால் கிழிந்த ஸ்பீக்கரில் கேட்பது போல இருக்கும். அந்தத் தளங்களைப் பற்றி இன்னொரு சங்கடமும் உண்டு: நிறுவனத்தின் குரல் பதிவை முகம் தெரியாத ஒரு சர்வருக்கு அனுப்புகிறோம். வரவேற்பு அறிவிப்பு என்றால் பரவாயில்லை, வாடிக்கையாளர் அழைப்பின் பதிவை ஒருபோதும் ஏற்றாதீர்கள்.

அப்புறம் லைசென்ஸ் கதை. நாங்கள் அணுகிய ஒரு விற்பனையாளர், ஒரே நேரத்தில் எத்தனை அழைப்பு ஓடுமோ அத்தனை ஜி.729 லைசென்ஸ் வேண்டும் என்றார். அவர் சொன்ன மொத்தத் தொகை என் மாதச் சம்பளத்தைத் தாண்டியது. அவசரம், தினமும் புகார், வாங்கிவிட்டோம். வாங்கிய பிறகு உட்கார்ந்து படித்தால், அதில் ஒன்றைத் தவிர மீதி எல்லாம் சும்மா கிடக்கப்போகிறது. ஆஸ்டரிஸ்க் ஜி.729 அழைப்பைப் பிரிக்காமல் ஒரு முனையிலிருந்து மறு முனைக்கு அப்படியே கடத்திவிடும், ஜி.729 கோப்பையும் அப்படியே வாசித்துவிடும். இரண்டுக்கும் என்கோடரோ, அதை விரிக்கும் டிகோடரோ தேவையில்லை. குரலஞ்சலைக்கூட ஜி.729 ஆகவே சேமிக்கச் சொல்லலாம். பிரித்துச் சேர்க்கும் வேலை வரும் இடங்களில்தான் கோடெக் வேண்டும்: பலர் பேசும் கான்ஃபரன்ஸ், இரு பக்கப் பேச்சையும் ஒரே கோப்பாகக் கலக்கும் கால் ரெக்கார்டிங், ஒரு முனை ஜி.729 இன்னொரு முனை ஜி.711 என்று அமையும் அழைப்பு. எங்களிடம் அது எதுவும் இல்லை. அறிவிப்புகளை ஒருமுறை மாற்றி வைக்க ஓர் என்கோடர் போதும். அதற்கும் இன்று பிசிஜி729 என்ற திறமூல நூலகம் இருக்கிறது, அதை ஆஸ்டரிஸ்க்கோடு இணைக்கும் மாட்யூல்களும் கிடைக்கின்றன. கொடுத்த பணத்தைத் திரும்பக் கேட்டேன், விற்றது விற்றதுதான் என்றார்கள். அந்தக் கோபம் எனக்கு இன்னும் முழுசாக அடங்கவில்லை. எதையும் வாங்கும் முன் உங்கள் சர்வரில் எந்த எந்த இடத்தில் மாற்றம் நடக்கிறது என்று ஒரு படம் வரைந்துகொள்ளுங்கள். எந்தக் கோடெக்கிலிருந்து எதற்கு மாற்ற முடியும் என்பதை ஆஸ்டரிஸ்க்கே ஒரு அட்டவணையாகக் காட்டும். அதையும் ஒருமுறை பாருங்கள்.

என்கோடர் வந்ததும் வேலை எளிது: முதலில் கோப்பை 8 கிலோஹெர்ட்ஸ் மோனோ 16 பிட் வேவ் ஆக்கு, பிறகு ஆஸ்டரிஸ்க் கன்சோலில் ஃபைல் கன்வர்ட் கட்டளை கொடு. இந்த முறை அளவு சரியாக வந்தது, 12 விநாடி 12 விநாடியாகவே ஓடியது. ஆனால் குரல்? அந்தப் பெண்மணி ஸ்டுடியோவில் பேசியபோது உடம்பு சிலிர்த்தது. பின்னணியில் மெல்லிய வீணை வேறு. போனில் கேட்டால் யாரோ தண்ணீருக்கடியிலிருந்து பேசுகிறார்கள், வீணை இருந்த இடத்தில் ஏதோ பூச்சி கத்துகிறது. எனக்கு அழுகையே வந்துவிட்டது. இத்தனைக்கும் எல்லாம் சரியாகச் செய்தாயிற்றே என்று.

இதன் காரணம் புரிந்தால் பாதிப் பிரச்சினை தீர்ந்த மாதிரி, அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். ஜி.729 என்பது சின்னதாக்கிய எம்பி3 அல்ல. எம்பி3 காதை மையமாக வைத்தது; எதைக் காது கவனிக்காதோ அதைக் கழித்துவிட்டு மீதியை அனுப்பும். ஜி.729 வாயை மையமாக வைத்தது. 10 மில்லிவிநாடிக்கு 80 சாம்பிள், அதாவது 1280 பிட் உள்ளே போகிறது, 80 பிட்தான் வெளியே வர வேண்டும். இத்தனை இறுக்கத்தில் ஒலியின் வடிவத்தையே அனுப்ப வழியில்லை. எனவே இந்தத் துண்டில் வாயும் தொண்டையும் எந்த வடிவத்தில் இருந்தன, குரல்நாண் எந்தச் சுருதியில் அதிர்ந்தது, மிச்சம் இருக்கும் அதிர்வுக்கு இரு முனையிலும் உள்ள பட்டியலில் எந்த எண் நெருங்கி வருகிறது என்ற விவரங்களை மட்டும் அனுப்புகிறது. ஒருவரின் புகைப்படத்தை அனுப்பாமல் அடையாளங்களைச் சொல்லி அனுப்பினால், மறுமுனையில் ஓர் ஓவியர் அதைக் கேட்டு வரைந்துகொள்வாரே, அப்படி. ஒரு மனிதக் குரல் தனியாக வந்தால் படம் பிரமாதமாக வரும். குரலோடு வீணையும் வந்தால் ஒரே தொண்டையிலிருந்து இரண்டும் வருவதாக எண்ணி அது தடுமாறும். ஏசி இரைச்சல், அறையின் எதிரொலி, பக்கத்தில் இன்னொருவர் பேசுவது எல்லாவற்றுக்கும் இதே கதி.

ஆக வீணையை எடுத்தாக வேண்டும். ஸ்டுடியோவில் கேட்டேன், குரல் மட்டும் உள்ள தடம் வேண்டும் என்று. அவர்கள் கலந்து முடித்த எம்பி3-ஐ மட்டும் வைத்துக்கொண்டு மூலத்தை அழித்துவிட்டார்களாம். இடம் அடைக்கிறதாம். குரலையும் இசையையும் பிரிக்கும் மென்பொருள் ஒன்றில் போட்டுப் பார்த்தேன். ஸ்டுடியோ ஹெட்ஃபோனில் பிரிந்தது போலத்தான் இருந்தது, ஜி.729-க்குள் போனதும் பிரித்த தழும்புகள் எல்லாம் தெரிந்தன. மறுபடி ஒலிப்பதிவு, மறுபடி கலைஞருக்கும் ஸ்டுடியோவுக்கும் கட்டணம். அந்தப் பெண்மணி நல்ல மனசுக்காரர், இரண்டாம் முறை குறைத்துக்கொண்டார். ஸ்டுடியோ குறைக்கவில்லை.

இரண்டாம் ஒலிப்பதிவுக்கு ஒரு பக்கக் குறிப்பு எழுதி முன்கூட்டியே அனுப்பினேன். பின்னணி இசை வேண்டாம். எக்கோ, ரிவெர்ப் எதுவும் சேர்க்க வேண்டாம். மைக்குக்கு அருகில், எதிரொலி இல்லாத அறையில் பேச வேண்டும். 48 கிலோஹெர்ட்ஸ் வேவ் ஆகவே தர வேண்டும், எம்பி3 வேண்டாம். எம்பி3 ஒருமுறை கழித்ததை ஜி.729 மறுபடி கழிக்கும், இரண்டு சேதமும் ஒன்றின்மேல் ஒன்றாக ஏறும். மூலக் கோப்பை நாங்கள் வாங்கிச் சரிபார்க்கும்வரை அழிக்கக் கூடாது. ஒவ்வொரு அறிவிப்பும் தனிக் கோப்பு. எண்களைச் சொல்லும்போது ஒவ்வொன்றுக்கும் நடுவில் சின்ன இடைவெளி. மூச்சுக்காற்று மைக்கில் மோதாமல் ஒரு வடிகட்டித் துணி. இவை எல்லாம் ஒலிப்பதிவாளருக்குத் தெரிந்தவைதான். தொலைபேசிக்கு என்று முதலிலேயே சொன்னால் அவரே செய்வார் என்று ஒருவர் பிற்பாடு சொன்னார். நாங்கள் சொல்லித்தான் இருந்தோம். ஆகவே எழுத்தில் கொடுங்கள், ரசீதில் சேர்க்கச் சொல்லுங்கள்.

கோப்புகள் வந்த பிறகு நான் செய்த தயாரிப்பு வேலைகளில் மிக முக்கியமானது சாம்பிள் வீதத்தை இறக்குவது. 8 கிலோஹெர்ட்ஸில் 4 கிலோஹெர்ட்ஸுக்கு மேல் எதற்கும் இடம் கிடையாது. மேலே இருப்பதை முதலில் வடிகட்டிவிட்டுத்தான் இறக்க வேண்டும். வடிகட்டாமல் ஆறு சாம்பிளுக்கு ஒன்று என்று பொறுக்கிக்கொள்ளும் மட்டமான கருவிகள் இருக்கின்றன. அவற்றில் 5 கிலோஹெர்ட்ஸில் இருந்த ஒலி மடிந்து வந்து 3 கிலோஹெர்ட்ஸில் உட்கார்ந்துகொள்ளும், ஸகர ஷகரம் வரும் இடமெல்லாம் ஒரு விசில் சத்தம் கேட்கும். சாக்ஸும் எஃப்எஃப்எம்பெக்கும் வடிகட்டியே இறக்கும், அவற்றை நம்பலாம். அதன்பின் 200 ஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ளதை வெட்டும் ஒரு ஹை-பாஸ் ஃபில்டர். தொலைபேசியின் வழக்கமான பட்டையே 300 முதல் 3400 ஹெர்ட்ஸ்வரைதான், கீழே இருக்கும் உறுமல் கோடெக்கைக் குழப்பத்தான் உதவும். ஒலி அளவை உச்சம் -3 டெசிபெல்லைத் தாண்டாதபடி வைத்தேன். வானொலி விளம்பரம் மாதிரி அழுத்தி முறுக்கி ஏற்ற வேண்டாம், விளிம்பில் தட்டிய ஒலி ஜி.729-இல் உடைந்து வரும்.

ஸ்டீரியோவை மோனோ ஆக்குவதில் ஒரு விசித்திரம் நடந்தது. ஒரு கோப்பு மட்டும் மாற்றியதும் குரல் காணாமல் போய் இழை மாதிரி ஏதோ மிஞ்சியது. இடது வலது இரண்டு தடங்களில் ஒன்று தலைகீழாகப் பதிவாகியிருந்தது. இரண்டையும் கூட்டினால் ஒன்றையொன்று அடித்துக்கொள்ளும். அந்த மாதிரி வந்தால் கூட்டாதீர்கள், இடது தடத்தை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள், தீர்ந்தது. இன்னொன்று, கோப்பின் தொடக்கத்தில் அரை விநாடி மௌனம் சேருங்கள். அழைப்பு எடுக்கப்பட்டதும் ஒலிப்பாதை திறக்கக் கொஞ்சம் நேரம் எடுக்கும். "வணக்கம்" என்பது "க்கம்" என்று கேட்பது அதனால்தான். ஆஸ்டரிஸ்க்கில் அறிவிப்புக்கு முன் ஒரு விநாடி காத்திருக்கும் வரி சேர்த்தும் சரிசெய்யலாம்.

கேட்டுப் பார்ப்பதை ஹெட்ஃபோனில் செய்யாதீர்கள். ஹெட்ஃபோனில் எல்லா ஜி.729-உம் மட்டம்தான், எதைத் திருத்துவது என்று தெரியாமல் மனம் உடைந்துபோகும். சாதாரண மேசைத் தொலைபேசியின் ரிசீவரைக் காதில் வைத்துக் கேளுங்கள். அறிவிப்பின் வரிகளை முன்பே படிக்காத ஒருவரைக் கேட்க வைத்து, என்ன காதில் விழுந்தது என்று எழுதச் சொல்லுங்கள். நமக்கு வரி மனப்பாடம், எவ்வளவு மோசமாக இருந்தாலும் புரியும். எங்கள் கணக்குப் பிரிவுப் பையன் எழுதியதைப் பார்த்து இரண்டு அறிவிப்புகளின் சொற்களையே மாற்றினேன். மொபைலிலிருந்தும் கூப்பிட்டுப் பாருங்கள். நம் ஜி.729 வழியில் எங்கோ பிரிக்கப்பட்டு, மொபைல் வலைப்பின்னலின் ஏஎம்ஆர் போன்ற கோடெக்கில் மறுபடி சுருக்கப்படும். ஏஎம்ஆரும் இதே வாய் பார்த்து வரையும் ஜாதி, 12.2 முதல் 4.75 கிலோபிட்வரை எட்டுப் படிகள் கொண்டது. ஓவியத்தைப் பார்த்து இன்னொரு ஓவியம். மேசை போனில் சுமாராக இருப்பது மொபைலில் புரியாமல் போகலாம்.

குரல் சரியாகி ஒரு பெருமூச்சு விட்டேன். அடுத்த நாளே புதுப் புகார்: ஒன்றை அழுத்தினால் எதுவும் நடக்கவில்லை. காரணம் இதே கோடெக்தான். எண்ணை அழுத்தும்போது எழும் ஒலி இரண்டு அதிர்வெண்களின் கலவை. மனித வாயிலிருந்து வராத ஒலி, ஜி.729 அதைச் சிதைத்துவிடும், மறுமுனையால் அடையாளம் காண முடியாது. அழுத்திய எண்ணை ஒலியாக அனுப்பாமல் தனிச் செய்தியாக அனுப்பும் முறை இருக்கிறது, ஆர்எஃப்சி 2833 என்ற இணையத் தர ஆவணமாக 2000-இல் வந்து, 2006-இல் 4733 என்று புதுப்பிக்கப்பட்டது. இரு முனையிலும் அதை அமைக்க வேண்டும். இணைப்பு தருபவரின் பக்கம் அது அமைக்கப்படவில்லை, அதைச் செய்ய வைப்பதற்குள் நான் பட்ட பாடு தனிக் கட்டுரை. ஃபேக்ஸ் இருந்தால் அதையும் ஜி.729-இல் விடாதீர்கள், போகவே போகாது.

காத்திருக்கும்போது ஒலிக்கும் ஹோல்ட் இசைக்கு என் கருத்து: ஜி.729-இல் இசையே வேண்டாம். எத்தனை வாத்தியம் மாற்றிப் பார்த்தாலும் கொடூரமாகத்தான் இருக்கும். வாடிக்கையாளர்கள் லைன் கெட்டுவிட்டது என்று நினைத்து வைத்துவிடுகிறார்கள். "தயவுசெய்து காத்திருக்கவும், உங்கள் அழைப்பு இணைப்பில்தான் இருக்கிறது" என்ற குரலைச் சிறு இடைவெளிகளோடு சுற்ற விட்டேன். மேலாளருக்கு வருத்தம், வீணை அவர் தேர்வு.

இன்றைக்குப் புதிதாகத் தொடங்குகிறவர்கள் ஜி.729-இல் கட்டாயம் இறங்க வேண்டுமா என்று கேட்டால், இரு முனையும் உங்கள் கையில் இருந்தால் வேண்டாம் என்பேன். 2012-இல் ஆர்எஃப்சி 6716 ஆக வந்த ஓபஸ் என்ற கோடெக் 6 முதல் 510 கிலோபிட்வரை வளைந்துகொடுக்கிறது, இலவசம், இசையையும் தாங்கும், 16 கிலோபிட்டிலேயே பேச்சு ஜி.729-ஐவிடத் தெளிவு. ஸ்பீக்ஸ் என்ற கோடெக்கைப் பழைய கட்டுரைகள் சொல்லும். அதை உருவாக்கியவர்களே ஓபஸுக்குப் போகச் சொல்லிவிட்டார்கள். என்கோடர் தொல்லையே வேண்டாம், கொஞ்சம் அலைவரிசை கூடினாலும் பரவாயில்லை என்றால் 13 கிலோபிட் ஜிஎஸ்எம்-ஐ சாக்ஸ் போன்ற கருவியிலேயே செய்துவிடலாம். வானொலி அலையில் விநாடிக்கு 700 முதல் 3200 பிட்டுக்குள் பேச்சை அனுப்பும் கோடெக் 2 என்ற திறமூல அதிசயமும் உண்டு, அது தொலைபேசி இணைப்புக்காரர்களிடம் எடுபடாது. எங்களுக்கு இணைப்பு கொடுத்தவர் ஜி.711, ஜி.729 இரண்டைத் தவிர எதையும் ஏற்கவில்லை, அதனால்தான் இவ்வளவு பாடு.

எல்லாம் ஓடத் தொடங்கிய பிறகு வந்த ஒரு சிக்கலையும் சொல்ல வேண்டும், ஏனென்றால் இது மெதுவாகக் கடிக்கும். பண்டிகை விடுமுறைக்கு அலுவலக நேர அறிவிப்பை மாற்றினேன். பாதிப் பேர் புதிய அறிவிப்பைக் கேட்டார்கள், பாதிப் பேர் பழையதைக் கேட்டார்கள். ஆஸ்டரிஸ்க்குக்கு நாம் கோப்பின் பெயரை மட்டும்தான் சொல்கிறோம், எக்ஸ்டென்ஷன் சொல்வதில்லை. ஒரே பெயரில் ஜி729, மியூ-லா, வேவ் என்று பல கோப்புகள் இருந்தால், அந்த அழைப்பின் கோடெக்குக்கு எது குறைந்த வேலையோ அதை எடுத்துக்கொள்ளும். நான் ஜி729-ஐ மட்டும் மாற்றியிருந்தேன், உள் அலுவலக போன்கள் எல்லாம் பழைய மியூ-லாவைத்தான் வாசித்தன. இப்போது மூல வேவ் கோப்புகளுக்கு என்று ஒரு கோப்புறை, அங்கே ஒன்றை மாற்றினால் மற்ற எல்லா வடிவங்களையும் அழித்துப் புதிதாகச் செய்து, அளவையும் வகுத்துச் சரிபார்க்கும் ஒரு சின்ன ஸ்கிரிப்ட். அளவு பொருந்தவில்லை என்றால் அது சர்வரில் ஏற்றாது. ஆனாலும் விடுமுறைக்கு முந்தின நாள் மேசை போனிலிருந்து ஒருமுறை, மொபைலிலிருந்து ஒருமுறை நானே கூப்பிட்டுக் கேட்டுவிட்டுத்தான் கிளம்புகிறேன்.